பலகை வைக்கும் முன்: அந்தோனியார் குருசடிகளை நடத்தும் பங்குத்தந்தையருக்கும் விழாக்குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

வணக்கத்துக்குரிய தந்தையரே, பங்குப் பேரவைப் பெரியோரே, திருவிழாக் குழுவினரே,

தென்மாவட்டக் கடலோரத்திலும் தேரிக்காட்டிலும் உள்ள புனித அந்தோனியார் குருசடிகளில், அதாவது அவர் பெயரிலுள்ள சிற்றாலயங்களில், விளக்குத் துடைப்பவர்கள், புனிதர் சிலையான சுரூபத்தை இறக்கி ஏற்றுபவர்கள், சப்பரம் கட்டுபவர்கள், ஊர்ப் பொதுவிருந்தான அசனத்துக்கு உலை வைப்பவர்கள் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். எழுதவைத்தவை, கோயில் வளாகங்களில் முளைத்துவரும் பலகைகள். 'கொடிமரத்தில் உப்பு மிளகு போடாதீர்', 'மெழுகுதிரி ஏற்றாதீர்', 'சுரூபத்தைத் தொடாதீர்'. பலகை வைத்தவர்களின் எரிச்சல் எங்களுக்குப் புரியாமல் இல்லை. செவ்வாய்க் கூட்டம் கலைந்த மறுநாள், புதன்கிழமை காலையில் தரையிலிருந்து மெழுகைச் சுரண்டுவது நாங்கள்தான். ஆனால் பலகை வைத்த இடங்களில் உப்பு நின்றுவிடவில்லை. இருட்டியபின் வந்து போடுகிறார்கள். இருட்டில் போடுவதால் கொடிமரத்தின் மேலேயே கொட்டுகிறார்கள். எங்கள் வேண்டுகோள் சுருக்கமானது: உயிரைக் குடிக்கும் காரியங்கள் இரண்டு மூன்று உண்டு, அவற்றை இரக்கமில்லாமல் நிறுத்துங்கள். மற்றவற்றுக்கு இடமும் பாத்திரமும் ஆளும் கொடுங்கள்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தை மூடநம்பிக்கை என்று பேசும் இளம் குருக்களுக்கு ஒன்று. அந்தோனியார் 1231 ஜூன் 13, வெள்ளிக்கிழமை இறந்தார். இத்தாலியின் பதுவை நகரில் அடக்கம் நடந்தது அடுத்த செவ்வாய், ஜூன் 17. செவ்வாய் அவருடைய நாளானது அதனால்தான். ஓராண்டு நிறையும் முன்பே, 1232 மே 30இல், திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி அவரைப் புனிதர் என அறிவித்தார். சனம் முந்திக்கொண்டது, திருச்சபை பின்னால் வந்து ஒப்பமிட்டது. பக்தி முயற்சிகள் பற்றி வத்திக்கான் 2001இல் தந்த வழிகாட்டியும், அவற்றைத் திருவழிபாட்டோடு குழப்பவும் வேண்டாம், துடைத்தெறியவும் வேண்டாம் என்றே போகிறது. நடைமுறையில் இதன் பொருள் எளிது: பீடத்தில் திருப்பலி நடக்கும்போது வெளியே ஒலிபெருக்கியில் கிடா ஏலம் ஓடக் கூடாது. ஏலம் வேண்டாம் என்று எங்கும் சொல்லவில்லை.

தேதி பற்றி இன்னொன்று. அந்தோனியார் திருத்தலங்களான உவரியிலும் புளியம்பட்டியிலும் பெருவிழா தை, மாசியில் வருகிறது. சிறு குருசடிகள் பலவற்றில் ஜூன் 13தான் விழா. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் அன்று முழுக்கக் கரையில் இருப்பார்கள். கையில் காசு இருக்காது, நேர்ச்சை இருக்கும். அன்றைய உண்டியலை வைத்து ஊரின் பக்தியை அளந்து பிரசங்கம் வைக்காதீர்கள். அதே வீடுகள் ஆகஸ்டில் தங்கள் கடனைத் தாங்களே தீர்த்துவிடுகின்றன.

இனி உப்பு. பாலுண்ணி, மரு, அக்கி, ஆறாத சொறி என்று தோலில் எது வந்தாலும் ஒரு கை உப்பும் கொஞ்சம் மிளகும் எடுத்து, அந்த இடத்தைச் சுற்றி, கொடிமரத்தடியில் போடுவது வழக்கம். ஒருவர் 100 கிராம் போட்டாலே, 300 பேர் வரும் செவ்வாயில் 30 கிலோ சேர்ந்துவிடும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே நீர்கோத்துக் கரையும். கடலோர இரவுகள் பெரும்பாலும் அதற்கு மேல்தான். கரைந்த உப்புநீர் பீடத்தின் இணைப்புகளுக்குள் இறங்குகிறது. பகலில் காயும்போது சாந்துக்குள்ளேயே படிகமாகி வீங்கித் தள்ளுகிறது. சுண்ணாம்பும் சிமெண்டும் பொடிப்பொடியாக உதிர்வதற்குக் காரணம் இதுதான். கொத்தனார் மேல் பழி போட்டு மறுபடி பூசினால் அடுத்த மாரிக்குள் மறுபடி உதிரும். கம்பத்தில் பித்தளைத் தகடு போர்த்தியிருந்தால் பச்சைக் களிம்பு தெரியும், அது ஆபத்தில்லை. ஆபத்து, இரும்புக் குழாய்க் கம்பங்களில். தரையோடு சேரும் இடத்தில், வண்ணத்துக்கும் பீடத்துக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத மூன்று விரல் அகலத்தில் குழாய் தகடாக மெலிந்திருக்கும். கொடியேற்றத்தன்று நாலு பேர் கயிற்றை இழுக்கும்போது முறியும் இடம் அது. கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் முன்பே அந்த இடத்தைச் சுரண்டி, சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் நல்லது. பொத்தென்று அடங்கிய ஓசை வந்தால் கம்பத்தை மாற்றுங்கள், தகடு வைத்து ஒட்டாதீர்கள்.

இதற்குப் பரிகாரம் ஒரு கருங்கல் தொட்டி. மூன்றடி நீளம், இரண்டடி அகலம், ஒரு சாண் ஆழம் போதும். கம்பத்திலிருந்து ஆறடியாவது தள்ளி, கிழக்கிலோ தெற்கிலோ, கம்பம் கண்முன் தெரியும்படி வையுங்கள். கம்பத்தைப் பார்த்து நின்று போட முடிந்தால் மக்கள் தொட்டியை ஏற்றுக்கொள்வார்கள். மூலையில், கழிவறைப் பக்கம் வைத்தால் ஒருவரும் போடமாட்டார்; அது அவமானம் என்று அவர்களுக்குத் தெரியும். சிமெண்டில் கட்டாதீர்கள், அதையும் உப்பு தின்னும். மாலையில் மணியடிப்பதற்குள் மரத்தட்டால் காய்ந்தபடியே அள்ளிவிட வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு முழுதும் மண்ணுக்குள் போய்க் கிணற்றைக் கெடுக்கும். அள்ளியதைச் சமையலுக்குக் கொடுக்காதீர்கள், எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும். அசனத்துக்கு அறுக்கும் கிடாய்களின் தோலுக்குத் தடவ வியாபாரிகள் வாங்கிக்கொள்வார்கள். மிஞ்சியது கடலுக்கு. பலகை வைத்தே தீரவேண்டும் என்றால் அதில் இதை எழுதுங்கள்: 'உப்பை இங்கே போடுங்கள். மூன்று வாரத்தில் ஆறாத புண் என்றால் மருத்துவரிடமும் காட்டுங்கள்.'

மெழுகுதிரிக்கு வருவோம். மரக்கூரை போட்ட பழைய கோயில்களுக்குள்ளே ஏற்றவேண்டாம் என்ற தடையை நாங்களும் ஆதரிக்கிறோம். காசு போட்டால் எரியும் மின்விளக்குப் பெட்டியை மட்டும் வாங்கிவிடாதீர்கள். தன் கையால் பற்றவைப்பது அந்த வேண்டுதலின் பாதி. வெளியே, இரு பக்கமும் திறந்த கொட்டகை, ஒன்பதடி உயரக் கூரை, மூன்று மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் நாலு விரல் விளிம்புள்ள தட்டு. தட்டில் இரண்டு அங்குலம் உலர்ந்த ஆற்றுமணல். கடல்மணல் கிடைக்கிறதே என்று போட்டால் இரண்டே ஆண்டில் தட்டு ஓட்டையாகும். திரிகளுக்கு நடுவே நாலு விரல் இடைவெளி இருக்கவேண்டும். இதை யாரும் காப்பாற்றமாட்டார்கள் என்று தெரிந்துதான் சொல்கிறோம்; அதனால்தான் கூட்ட நேரத்தில் தட்டருகே ஓர் ஆள் நிற்கவேண்டும். நெருங்கி நிற்கும் திரிகள் ஒன்றின் சூட்டில் ஒன்று வளைந்து சாய்கின்றன, திரிநூல்கள் உருகிய குளத்தில் விழுகின்றன, பிறகு குளம் முழுதும் ஒரே விளக்காக எரிகிறது. அந்த நேரத்தில் பதறிப்போய் வாளித் தண்ணீரை ஊற்றுவதுதான் பெரும் தவறு. தண்ணீர் மெழுகுக்கு அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, எரியும் மெழுகை மேலே வீசி அடிக்கும். முகமும் கையும் வேகும். தட்டின் அளவுக்கே ஓர் இரும்பு மூடியும் இரண்டு வாளி மணலும் பக்கத்தில் இருந்தால் போதும். தெர்மோகோல் வளைவு, நைலான் துணி, பிளாஸ்டிக் மாலை எதுவும் ஐந்தடிக்குள் வரக் கூடாது.

ஒரு கசப்பான செய்தியையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஏற்றிய மெழுகுதிரியை, ஏற்றியவர் திரும்பி நாலு எட்டு வைப்பதற்குள் ஊதி அணைத்துக் கூடையில் போடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அவர் திரும்பிப் பார்ப்பார் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. இடம் போதவில்லை என்றால் ஏற்றாமல் படைக்கும் திரிகளுக்குத் தனிப்பெட்டி வையுங்கள். 'இவை விற்கப்பட்டு ஏழைகளின் அப்பத்துக்குப் போகும்' என்று எழுதுங்கள். கடைக்குத் திரும்பிப் போவது எல்லாருக்கும் தெரிந்ததுதான், மறைப்பதில்தான் குற்றம். ஏற்றிய திரி இரண்டு விரல் கட்டை ஆகும்வரை எரியட்டும். ஆளுயர மெழுகுதிரியைக் கொண்டுவருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்: அதை ஏற்ற முடியாது, வெயிலில் நிறுத்தினால் அரைமணி நேரத்தில் இடுப்பொடிந்து வளையும். உள்ளே ஒரு மூங்கில் தப்பையோடு கட்டி, நிழலில் சுவரோரமாகச் சாய்க்கலாம். மிஞ்சிய மெழுகை உருக்குவோர் நேரடித் தீயில் வைக்கவே கூடாது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் மெழுகுப் பாத்திரம்.

மொட்டைக்கும் காதுகுத்துக்கும் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தலைக்கு ஒரு புது பிளேடு, பிரிக்கும்போது குடும்பத்தார் பார்க்கவேண்டும், பழையது மூடியுள்ள தகரத்தில் விழவேண்டும். கட்டணத்தைப் பெரிதாக எழுதிவையுங்கள், அதில் முடியெடுப்பவரின் பங்கு எவ்வளவு என்பதையும். பிள்ளைக்கு அந்தோனியார் அங்கி போடுகிறவர்கள் பருத்தியில் தைக்கட்டும். கடையில் தொங்கும் பழுப்பு டெர்லின் அங்கிக்குள் சித்திரை வெயிலில் பிள்ளை வேர்த்து மயங்குகிறது. அதையும் சாமி வந்ததாகச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள்.

பிரசங்க மேடையிலிருந்து நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு காசும் செலவில்லை. நேர்ச்சை பற்றித் திருச்சபைச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை மக்களுக்குச் சொல்லுங்கள். எங்களிடம் வந்து அழுகிறவர்களில் பலர் நோயால் அழுவதில்லை, தீர்க்காத பொருத்தனையால் அழுகிறார்கள். அம்மா நேர்ந்துவிட்டுச் செத்துப்போனாள், அதைச் செய்யாததால்தான் மகளுக்குக் கல்யாணம் கூடவில்லை என்று யாரோ குறி சொல்லியிருப்பார். 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 1193ஆம் எண் தெளிவாகவே சொல்கிறது: நேர்ச்சை அதன் இயல்பிலேயே நேர்ந்தவரை மட்டும் கட்டும். மகளைக் கட்டாது. 1191ஆம் எண்ணின்படி, அநியாயமான பெரும் அச்சத்தால் செய்த நேர்ச்சை செல்லாது. மிரட்டி வாங்கிய சத்தியம் கணக்கில் இல்லை. 1197ஆம் எண் இன்னும் இரக்கமுள்ளது. தனிப்பட்ட நேர்ச்சையை, நேர்ந்தவரே அதற்கு ஈடான அல்லது அதைவிட மேலான நற்செயலாக மாற்றிக்கொள்ளலாம். கிடா வெட்டுவதாக நேர்ந்தவர் அந்தப் பணத்தில் ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்கட்டணம் கட்டலாம், யாரிடமும் கேட்கவேண்டியதில்லை. குறைந்ததாக மாற்றவேண்டும் என்றாலோ விலக்கு வேண்டும் என்றாலோ, 1196ஆம் எண்ணின்படி பங்குத்தந்தைக்கே அந்த அதிகாரம் உண்டு, பிறருடைய உரிமை கெடாத வரையில். அதாவது, உங்களுக்கே. உங்களில் எத்தனை பேர் இதைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்று கேட்க எங்களுக்கு உரிமையில்லை, ஆனாலும் கேட்கிறோம். செவ்வாய்க்கிழமை நவநாள் முடிந்ததும் ஒரு நாற்காலி போட்டு அரைமணி நேரம் உட்காருங்கள். ஒரு மூதாட்டிக்கு முட்டி தேய்ந்துவிட்டது, சப்பரத்தின் பின்னே தரையில் விழுந்து கும்பிட்டபடி வரும் கும்பிடு சேவை செய்ய முடியவில்லை என்றால், 'அம்மா, ஐந்து பத்துமணிச் செபமாலை சொல்லுங்கள், தீர்ந்தது' என்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தையில் அவர் பல வருடச் சுமையை இறக்கிவைத்துவிட்டுப் போவார்.

இப்போது, நிறுத்தவேண்டியவை.

முதலாவது சங்கிலி. 'பேய் பிடித்தவர்' என்று கொண்டுவந்து திண்ணையிலோ மரத்தடியிலோ கட்டிவைக்கும் வழக்கம் எந்த மதத்தின் தலத்திலும் புதிதல்ல. 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் ஒரு மனநல விடுதி தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்ததால் ஓட முடியாமல் 28 பேர் எரிந்து செத்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. கயிறு என்றால் பரவாயில்லை என்று வாதாடுகிறவர்கள் அந்தப் பிரிவின் நோக்கத்தையே ஏய்க்கிறார்கள். திருச்சபைக்குள்ளும், ஆயரின் வெளிப்படையான தனி அனுமதி இல்லாமல் பேயோட்டும் சடங்கைக் குருவே நடத்தக் கூடாது என்பது 1172ஆம் எண். அப்படியிருக்க, வேப்பங்குழையோடு வளாகத்தில் உலவும் 'செபக்காரர்' எங்கிருந்து அதிகாரம் பெற்றார்? அவரை வெளியே அனுப்புங்கள். நோயாளியை அனுப்பிவிடாதீர்கள். குடும்பம் அங்கே தங்கிச் செபிக்கட்டும். கூடவே, மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவர் வாரம் ஒருநாள் வளாகத்துக்கே வரும்படி எழுதிக் கேளுங்கள். ஏர்வாடி தர்காவில் மருந்தும் துஆ எனும் வேண்டுதலும் சேர்ந்து நடக்கும் ஏற்பாடு இதற்கு முன்மாதிரி. 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணைத் தண்ணீர்க் குழாயருகே எழுதுங்கள், அங்கேதான் எல்லாரும் நிற்பார்கள். மந்திரித்த எண்ணெயை நெற்றியில் பூசலாம், கண்ணிலும் காதிலும் விடக் கூடாது. மறைசாட்சி அருளானந்தர் 1693 பிப்ரவரி 4இல் வெட்டுண்ட ஓரியூரின் செம்மண்ணைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவருகிறவர்களிடமும், பிள்ளை வாயில் வைக்காதீர்கள் என்று ஒருமுறை சொன்னால் போதும், கேட்பார்கள்.

இரண்டாவது, மின்கம்பியும் இரும்பும். 2022 ஏப்ரல் 27இல் தஞ்சை அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேரின் உச்சி உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். 2025 மார்ச் தொடக்கத்தில் குமரி மாவட்டம் இனயம் புத்தன்துறையில் அந்தோனியார் கோயில் விழா வேலையின்போது இரும்பு ஏணி மின்கம்பியில் பட்டு நான்கு பேர் போனார்கள். தெருவைக் குறுக்கே கடக்கும் தாழ்வழுத்தக் கம்பி தரையிலிருந்து 5.8 மீட்டர், உயரழுத்தக் கம்பி 6.1 மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. ஆனால் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேமேலே சாலை போட்டதில் தரை உயர்ந்திருக்கிறது. வெயிலில் கம்பி தொய்கிறது. போன வருடம் போனது என்பது இந்த வருடத்துக்குச் சான்றாகாது.

சப்பரத்தை அளப்பதிலேயே தவறு தொடங்குகிறது. கொட்டகையில் தரையில் நிற்கும்போது அளந்து பத்தடிதான் என்கிறார்கள். தோளில் ஏறினால் நாலரை அடி கூடும். கோயில் வாசலில் கைக்கு மேல் தூக்கி ஆட்டும்போது இன்னும் இரண்டடி. ஆகவே தோளில் ஏற்றி, உச்சிச் சிலுவை வரை, 14 அடிக்குள் அடக்குங்கள். உச்சிக்கூட்டை மடக்கும்படி கீல் வைத்துச் செய்யத் தச்சர்களுக்குத் தெரியும், நீங்கள் கேட்கவேண்டும். பவனிப் பாதையை ஒரு வாரம் முன்பு பகலில் நடந்து, குறுக்குக் கம்பிகளை எண்ணி, மின்வாரியத்துக்கு எழுத்தில் கொடுத்து, எந்தத் தெருவில் எந்த நேரம் மின்சாரம் நிற்கும் என்பதை எழுத்திலேயே வாங்குங்கள். பணியாளர் சப்பரத்தோடு நடக்கவேண்டும். கம்பியைக் கழியால் தூக்கிவிட்டுச் சப்பரத்தை நுழைக்கும் வீரம் வேண்டவே வேண்டாம். பனியில் நனைந்த மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும். சீரியல் விளக்குகளை இரும்புச் சட்டத்தில் நேராகச் சுற்றாமல் மரச்சட்டம் வைத்துச் சுற்றுங்கள். ஜெனரேட்டருக்குப் பிறகு, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. என்ற காப்புக் கருவி ஒன்று கட்டாயம். அதன் விலை ஒரு நாள் பூவலங்காரத்தில் அடங்கிவிடும்.

தூக்குகிறவர்களை உயரம் பார்த்து நிறுத்துங்கள். 480 கிலோ சப்பரத்துக்கு 20 பேர் என்றால் கணக்கில் ஆளுக்கு 24 கிலோ. ஒரு கை உயரம் குறைந்தவர் நடுவில் நின்றால் அவர் தண்டைத் தொட்டுக்கொண்டு வருகிறார், அவருடைய பங்கு பக்கத்துத் தோளில் ஏறுகிறது. குடித்தவர் எவராயினும், நன்கொடை கொடுத்தவராயினும், தண்டுக்குக் கீழே வரக் கூடாது. சப்பரத்துக்குப் பின்னால் கும்பிடு சேவை செய்வோருக்கு முப்பதடி இடைவெளி விட்டு வடம் பிடியுங்கள். முன்னால் இருவர் துடைப்பத்தோடு நடந்து கண்ணாடியும் ஆணியும் பொறுக்கட்டும். தண்ணீர் தெளிப்பது அரைமணி நேரம் முன்பே முடியவேண்டும். நண்பகல் தார்ச்சாலையில் சேவையை அனுமதிக்காதீர்கள், விடியற்காலைப் பவனியோடு வையுங்கள்.

சுரூபத்தைத் தொடுவது பற்றி. உவரிச் சுரூபம் போர்ச்சுக்கீசியக் கப்பலின் தச்சர் செதுக்கியது என்பது வழிவழிச் செய்தி. அதுபோன்ற பழைய மரச்சுரூபங்கள் கடலோரக் கோயில்களில் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்கு எதிரி பக்தரின் விரல் என்று நினைக்கிறீர்கள். எங்கள் கணக்கில் முதல் எதிரி திருவிழாவுக்கு முந்தின வாரம் எனாமல் டப்பாவோடு வருகிறவர். மரத்தின் மேல் எனாமலைப் பூசி மூடினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் போகிறது. வண்ணத்தோலுக்கு அடியில் மரம் மக்கி, ஒருநாள் கன்னம் அப்படியே பெயர்ந்து வரும். தொன்மையோ கலையோ வணக்கமோ சிறந்த சுரூபத்தை ஆயரின் எழுத்து அனுமதி இல்லாமல் பழுதுபார்க்கக் கூடாது என்பது 1189ஆம் எண். அனுமதி தரும் முன் ஆயரும் வல்லுநரைக் கேட்கவேண்டும். 'புதுசு மாதிரி ஆக்கிட்டோம்' என்று மகிழும் குழுக்களுக்கு இது தெரிவதில்லை. பாரிஸ் சாந்துச் சுரூபத்தை ஈரத்துணியால் துடைத்தால் மூக்கும் விரலும் கரையும். உலர்ந்த, மெல்லிய வண்ணத்தூரிகையே போதும். மாலையின் எடையைக் கழுத்தில் ஏற்றாமல், கூட்டின் பின்னாலிருந்து வரும் கொக்கியில் மாட்டுங்கள். முதல் நாள் மாலை ஒன்பது நாளும் கிடந்தால் அடியில் பூஞ்சை பிடிக்கும். ரூபாய் நோட்டைக் குத்துவதற்கு ஒரு பட்டு நாடா தொங்கவிடுங்கள், அங்கியில் ஊசி ஏறாது. தொடுவதற்கு, கையெட்டும் உயரத்தில் ஒரு சிறு சுரூபம் வையுங்கள். அதையும் அதே பீடத்தில் மந்திரித்தது என்று சொல்லுங்கள்.

அந்தோனியாருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. கையிலிருக்கும் குழந்தை இயேசு பெரும்பாலும் தனிக்கட்டை, ஒரே முளையில் நிற்கிறது. இறக்கும்போது எல்லாரும் பிடிப்பது அங்கேதான். சப்பரத்தில் ஏற்றும் முன் குழந்தையையும் லீலிக் கொப்பையும் கழற்றித் தனியே கொண்டுபோய், நிறுத்தியபின் மாட்டி, வெள்ளைப் பருத்தி நாடாவால் இடுப்போடு கட்டுங்கள். இறக்குகிறவர்கள் அடிப்பீடத்தில் மட்டுமே கைவைக்கவேண்டும்.

அசனத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம், அவசியமானதை மட்டும் சொல்கிறோம். ஒரு கிலோ அரிசி ஏழு பேருக்கு, 100 கிலோ 650 முதல் 700 பேருக்கு. கணக்கு சரியாக இருந்தும் சோறு கெடுவது எதனால்? நேர்ச்சை அரிசியால். ஒரு வீட்டுப் பச்சரிசி, ஒரு வீட்டுப் புழுங்கல், ரேஷன் அரிசி, இரண்டு வருடப் பழையது எல்லாம் ஒரே கோணியில் விழுந்தால், ஒன்று குழையும்போது ஒன்று கல்லாக இருக்கும். காணிக்கை வாங்கும் இடத்திலேயே நாலு கோணி வைத்துப் பிரியுங்கள். ஒரே தரமாகச் சேர்ந்தது மட்டும் உலைக்கு, மற்றது ஏழை வீடுகளுக்குப் படிப்படியாக. யார் கொடுத்த அரிசியும் வீணாகவில்லை என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மனம் புண்படும்.

மதியச் சாப்பாட்டுக்கு விடியற்காலை மூன்று மணிக்கே மொத்தத்தையும் வடித்துப் பாயில் குவிப்பதுதான் நோயின் வாசல். சோற்றில் வளரும் ஒரு பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. குவியல் 60 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்து நஞ்சு விடும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. அண்டாவுக்கு 25 கிலோ வீதம், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை வடியுங்கள். அடுப்பு கூடுதலாக வேண்டும், விறகு கூடுதலாக வேண்டும், சமையல்காரருக்கு ஒரு ஆள் கூடுதலாக வேண்டும். நேர்ந்துவிட்ட கிடாயில் நோயுள்ளதும் வரும். அறுக்கும் முன் கால்நடை மருத்துவர் ஒருமுறை பார்க்கட்டும். மூக்கொழுகும் கிடாவை அதன் சொந்தக்காரர் முன்னால் ஒதுக்கும் துணிவு அவருக்குத்தான் உண்டு, எங்களுக்கில்லை. பந்தியில் முதல் வரிசை நன்கொடையாளருக்கு என்று நாற்காலி போடும் புதுவழக்கத்தை எடுத்துவிடுங்கள். அசனத்தில் எல்லாருக்கும் தரைதான்.

உருவக் காணிக்கைக் கடை பற்றி ஒரே வரி: கண், கால், தொட்டில், படகு என்று விற்கும் தகடு வெள்ளி இல்லையென்றால் வெள்ளி என்று சொல்லி விற்காதீர்கள்.

கடைசியாக, கேட்கவேண்டியதைக் கேட்டுவிடுகிறோம். கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் முன்பு நீங்கள் கூட்டும் விழாக்குழுக் கூட்டத்தில் கோயில்வரி கட்டும் வரிதாரர்களும் நன்கொடையாளர்களும் இருக்கிறார்கள். கோயில் பணியாளரான கோயில்பிள்ளை, சப்பரத் தச்சர், மின்வேலை பார்ப்பவர், தலைமைச் சமையல்காரர், முடியெடுப்பவர் ஆகிய ஐவருக்கும் அங்கே இருக்கையும் வாக்கும் வேண்டும். விழா முடிந்த இரண்டாம் ஞாயிறு வரவுசெலவு வாசிக்கும்போது உப்பு, மெழுகு, கிடா ஏலம் மூன்றையும் 'இதர வரவு' என்று ஒரே வரியில் அடக்காமல் தனித்தனியாக வாசியுங்கள். கல் தொட்டிக்கும் ஆர்.சி.சி.பி.க்கும் பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு விடை அந்த மூன்று வரிகளிலேயே இருக்கும்.

இப்படிக்கு,
குருசடிகளில் பணிசெய்வோர்